பதினொரு கேள்விகளும் ஒரு நீல வயலினும்

கொழும்புத்துறையில் சிமியோனிடம் மின்வயலின் செய்விக்க வருகிறவர்கள் முதலில் ஒரு தாளை நிரப்ப வேண்டும். பதினொரு கேள்விகள். நான்கு தந்தியா, ஐந்தா? என்ன மரம்? என்ன நிறம்? உடம்பு முழுசாகவா, வெறும் சட்டமாகவா? தந்தி முறுக்குகிற பிருடைகள் மேலேயா, கீழேயா? இப்படிப் போய், மின்குமிழ் மினுங்க வேண்டுமா என்ற கேள்வியில் முடியும். அது அவனாகச் சேர்த்ததல்ல. போன வருடம் ஒரு கலியாணவீட்டு இசைக்குழுக்காரர் கேட்டுவிட்டுப் போனது.

சிமியோனின் தொழில் பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவது. வயலின் பைத்தியம் ஐம்பதாவது வயதில், போனில் வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்துப் பிடித்தது. இதுவரை ஏழு செய்திருக்கிறான். முதலாவது, மனைவி செபஸ்தியம்மாவின் குசினியில் அகப்பைகள் கொழுவுகிற சட்டமாக இருக்கிறது. “உங்கடை வயலினுகளிலை ஒருநாளும் பிசகாதது உதுதான்” என்பாள். வாசிக்க அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. நீந்தத் தெரியாமல் வள்ளம் கட்டுகிறவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வான், மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால்.

தயாளினி ரீச்சர் உடுவிலில் இருந்து வந்தார். இருபது வருடமாக வயலின் படிப்பிக்கிறவர். அவருடைய கணவர் தியாகலிங்கம் தாளை வாங்கித் தானே நிரப்பத் தொடங்கினார்.

“நிறம் நீலம். இவவுக்கு நீலம்தான் விருப்பம்.”

“ஆவணியிலை பண்டத்தரிப்புக் கோயிலிலை கச்சேரி,” என்றார் ரீச்சர். “ரெண்டு மணித்தியாலம். பதினைஞ்சு வருசமா பக்கவாத்தியம் நான்தான். இந்த முறை வேறை ஆளைப் பாக்கட்டோ எண்டு கேக்கினம்.” பிறகு, “மின்வயலினுக்கு உடம்பு எந்த வடிவத்திலையும் வரலாமோ, சிமியோன் அண்ணை?” என்று கேட்டார்.

சிமியோன் காத்திருந்த கேள்வி. “எந்த வடிவத்திலையும் ரீச்சர்! மீன் மாதிரி வேணுமெண்டாலும் செய்வன்.”

“மீன் வேண்டாம், நாங்கள் சைவம்,” என்றார் தியாகலிங்கம், தாளில் இருந்து கண்ணை எடுக்காமல்.

சிமியோன் சிரித்தான். ரீச்சர் ஏதோ சொல்ல வாய் திறந்தவர், மூடிக்கொண்டார். அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்க வேண்டியவன் தான்தான் என்பது சிமியோனுக்குப் பிறகுதான் விளங்கியது. அவனுக்கு எல்லாம் பிறகுதான் விளங்கும்.

ஒரு மாதத்தில் வயலின் தயார். மலைவேம்பில் மெல்லிய சட்டம், பிருடைகள் எல்லாம் கீழே, வெளிநாட்டு வீடியோவில் உள்ளதுபோல மேலே தலையே இல்லாத புது வடிவம். ரீச்சர் பாயில் சப்பாணி கட்டி இருந்து, வலது காலை நீட்டி, வயலினைச் சரித்தார். வயலின் காலில் வழுக்கிப் பாயில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது.

“அண்ணை, உதின்ரை தலை எங்கை?”

“வெட்டிப்போட்டன் ரீச்சர். இப்ப உதுதான் நாகரிகம்.”

“நாங்கள் தலையைக் காலிலை முட்டுக் குடுத்தெல்லோ வாசிக்கிறது?”

சிமியோன் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் நின்றுகொண்டு வாசித்தார்கள். அவனுடைய தேவாலயத்துப் பாடகர் குழுவிலும் நின்றுதான் வாசிப்பார்கள். சைவக் கோயில் கச்சேரிக்கு அவன் போன இரண்டு முறையும் கடைசி வரிசையில் நின்றதால், கண்டதெல்லாம் முன்னுக்கு இருந்தவர்களின் பிடரிகள். பதினொரு கேள்வி கேட்டவனுக்கு, பாயில் இருந்தா, நின்றா வாசிப்பீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. தியாகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். ரீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னுமொரு பிழை விடலாம்போல் சிமியோனுக்கு இருந்தது.

கவலைப்படத் தேவையில்லை, அடுத்தது வரிசையில் நின்றது.

தலை ஒட்டி முடிந்து அவர்கள் இரண்டாம் முறை வாசித்துப் பார்க்க வந்தபோது, தியாகலிங்கம் போன் கதைக்க வெளியே போயிருந்தார். தலை காலில் சரியாக உட்கார்ந்தது. ரீச்சர் வயலினின் அடிப்பக்கத்தை இடது நெஞ்சோடு அணைத்து வில்லை இழுத்தார். அரை நிமிடம்கூட இராது. முகம் சுண்ணாம்பாய் வெளிறியது. வில்லைக் கீழே வைத்தார்.

“பிருடை இறுக்கமோ ரீச்சர்?”

“இல்லை.” வயலினை நெஞ்சிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். “இந்தப் பக்கம் இப்ப ஒண்டும் இல்லை, அண்ணை. மார்கழியிலை ஒப்பரேசன். எடுத்துப்போட்டினம். மரம் தொட்டால் உயிர் போகுது. அதுதான், எந்த வடிவத்திலையும் வருமோ எண்டு கேட்டனான்.”

சிமியோன் கையில் அளவுநாடா இருந்தது. அதில் உள்ள இலக்கங்களை வாசிப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். வள்ளத்தில் ஓட்டை என்றால் இந்நேரம் பத்துக் கதை கதைத்திருப்பான்.

“படாமல் செய்து தாறன்,” என்று கடைசியில் சொன்னான்.

இரண்டு கிழமை வேலை. வயலினின் அடியில் இருந்து ஒரு மெல்லிய பைபர் வளைவு புறப்பட்டு, சட்டை கொழுவுகிற கம்பிபோல் தோளைத் தாண்டி முதுகில் தாங்கும். நெஞ்சில் எதுவும் படக்கூடாது. படுகிறதா இல்லையா என்று தன் கல்லு நெஞ்சு சொல்லாது என்று சிமியோனுக்குத் தெரியும். ஒரு பச்சை முட்டையைத் துணியில் சுற்றி இடது நெஞ்சில் கட்டிக்கொண்டு, பாயில் காலை நீட்டி இருந்து, வில்லை இழுத்தான். முட்டை உடைந்தது. வளைவைத் திருத்தினான். அடுத்ததும் உடைந்தது. மூன்றாவது உடைந்து வயிறுவரை வழிந்தபோது செபஸ்தியம்மா வாசலில் நின்றாள்.

“உங்களுக்கென்ன விசரே? முட்டை விக்கிற விலை தெரியுமோ?”

காரணத்தைச் சொன்னான். அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து நான்காவது முட்டையைத் தானே கட்டிவிட்டாள், முடிச்சு இறுகாமல். மறுபடி திருத்திய வளைவில் அது உடையவில்லை.

மூன்றாம் முறை ரீச்சர் வாசித்தார். ஒலிபெருக்கியில் இருந்து வந்தது தான் செய்த மரத்துண்டின் சத்தம் என்று சிமியோனால் நம்ப முடியவில்லை. செபஸ்தியம்மா அகப்பையும் கையுமாக வந்து நின்றாள். ரீச்சரின் முகத்தில் நோவு இல்லை. சிமியோன் மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தான். ஒன்று போதாது என்று இரண்டாக்கினான்.

அப்போது ரீச்சரின் இடது கை இறங்கத் தொடங்கியது. விரல்கள் தந்தியைத் தேடித் தேடிப் பிந்தின. சுருதி சரிந்தது. ரீச்சர் நிறுத்தினார். தந்தி பிடிக்கும் விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் போயிருந்தது.

“எட்டு நிமிசம்,” என்றார் தியாகலிங்கம், மணிக்கூட்டைப் பார்த்து. சத்தமில்லாமல் நேரம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். “கைக்கு அடியிலை, கமக்கட்டுக்குள்ளையும் வெட்டி எடுத்தவை. கை அலுவல் பாத்தால் உப்பிடி வீங்கும். தேங்காய் திருவினாலும் எட்டு நிமிசம்தான்.”

“நிறையைக் குறைச்சால்...” என்றான் சிமியோன்.

“பிரச்சினை நிறையிலை இல்லை அண்ணை.” ரீச்சர் வயலினை இறக்கி வைத்தார்.

“கழுத்தை இன்னும் மெல்லிசாச் சீவினால்?”

“உங்கடை வயலினிலை ஒரு பிழையும் இல்லை,” என்றார் ரீச்சர். ஏழு வயலின் செய்தவனுக்கு ஒருவரும் சொல்லாத வார்த்தை. கேட்கக் கூடாத நாளில் கேட்டான். பிழை இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம்.

வீக்கம் வற்றுவதற்குக் கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டுமாம். விடை தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இடது கையைத் தூக்கியபடி ரீச்சர் பாயில் இருந்தார். செபஸ்தியம்மா பக்கத்தில் இருந்து அந்த முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். ஆண்கள் இருவருக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை. வெளியே வந்தார்கள்.

உச்சி வெயில். வயலினுக்கு இன்னும் நிறம் பூசவில்லை. வள்ளத்துக்குப் பூசுகிற சாயங்களில் இரண்டு நீலத்தைச் சிமியோன் பலகைத் துண்டுகளில் தடவிக் காட்டினான்.

“இது கடல் நீலம். மற்றது கொஞ்சம் கடும் நீலம்.”

தியாகலிங்கம் இரண்டையும் வாங்கித் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “மேடை வெளிச்சத்துக்கு எது எடுபடும்?” என்றார். பிறகு மெதுவாக, “அந்த மின்குமிழும் போட்டால் என்ன? அவவுக்குச் சந்தோசமா இருக்கும்.”

அன்றைக்குத் தாளை அவர் ஏன் பறித்து நிரப்பினார் என்பது சிமியோனுக்கு இப்போது விளங்கியது. அவரால் நிரப்பக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

“போடுவம்,” என்றான். “எத்தினை வேணும்?”

இருவரும் அதை மிகுந்த அக்கறையோடு கதைத்தார்கள். தலையில் இரண்டு, ஓரத்தில் ஆறு. வெள்ளையா, மஞ்சளா? வெள்ளை கண்ணைக் குத்தும். மஞ்சள் நீலத்துக்கு எடுபடாது.

“இஞ்சாருங்கோ,” உள்ளே இருந்து ரீச்சரின் குரல் வந்தது. “பிளக்கைக் கழட்டிப்போடாதேங்கோ. கொஞ்ச நேரத்தாலை திருப்பி வாசிப்பன்.”

தியாகலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். சிமியோன் பார்க்கவில்லை. இரண்டு நீலத்தையும் பக்கம் பக்கமாக வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றான்.