நீட்டி முழக்கும் வாரம்

கூடுவாஞ்சேரியில் செல்போன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் வெற்றிவேல், தம் பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று போட்டுக்கொள்வார். யார் கொடுத்த பதவி என்று யாரும் கேட்டதில்லை; கேட்க அவர் இடைவெளி விட்டால்தானே. அந்த வாரப் பாடம், ஓயாமல் பேசுவதற்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கும் சொற்கள்: கோ ஆன், ராட்டில் ஆன், டிரோன் ஆன், ராம்பிள் ஆன். நான்கையும் விளக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தும்போதெல்லாம் மாணவர்கள் கைதட்ட வேண்டும். அது வகுப்பின் சட்டம்.

"சார், இதுல எதை இன்டர்வியூல சொல்லலாம்?" என்றாள் தேவதர்ஷினி.

"நல்ல கேள்விம்மா," என்று தொடங்கி இன்னும் இருபது நிமிடம் பேசினார். அவளும் கைதட்டினாள். பதில் வந்ததா என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் தாம்பரத்தில் ஒரு கால் சென்டரில் அவளுக்கு நான்காவது இன்டர்வியூ. இதுவும் போனால் திங்கள்கிழமை முதல் அம்மா தனக்கோடியோடு மீன் கடையில் உட்கார வேண்டும்.

மேலாளர் குணா, உன்னைப் பற்றிச் சொல் என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் தம்மைப் பற்றித் தொடங்கிவிட்டார். சிட்லபாக்கத்தில் வீடு கட்டியது, சிங்கப்பூர் போனது, தலைமைப் பண்பு என்றால் என்ன. இது ராட்டிலா, டிரோனா என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கையில் அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

அவள் கை தானாகத் தட்டிவிட்டது.

குணா பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார். "பதினோரு வருஷமா இங்க பேசறேன். ஒருத்தர்கூட..." அவள் பயோடேட்டாவில் டிக் அடித்தார். "கம்ப்ளைன்ட் செக்‌ஷன்மா. கஸ்டமர் பேசிட்டே இருப்பாங்க, நீங்க கேட்டுட்டே இருந்தா போதும். மண்டே வந்துடுங்க."

"இன்னாடி கேட்டாங்க?" என்றாள் தனக்கோடி, அன்று மாலை மீன் கடையில் வஞ்சிரத்தை வெட்டியபடி.

"ஒண்ணும் கேக்கலம்மா."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கை தட்டுனேன். வேலை குடுத்துட்டாங்க."

கத்தி நின்றது. "அப்ப ஆறு மாசமா அந்த மாடியில இன்னாத்தடி பேசக் கத்துக்கினு வந்த?"

தேவதர்ஷினிக்கும் அதுதான் புரியவில்லை.

அடுத்த வாரம் மாடிப்படியில் அவள் படத்தோடு பேனர்: 'பேசி வென்றவர்'. அவளை மேடையேற்றி, "இப்போது தேவதர்ஷினி பேசுவார்," என்று அறிமுகத்தை ஆரம்பித்தார் வெற்றிவேல். நாற்பது நிமிடம் கழித்துத் தண்ணீருக்கு நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டிக்கொண்டே இறங்கி, ஷிஃப்டுக்கு ரயில் பிடிக்க ஓடினாள்.