அழகம்மாளுக்குப் பசித்த நாள்

நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது சேவுகனுக்குச் சந்தோஷம் வரவில்லை. நோய் போனதை அவனும்தான் பார்த்தான். போகிற நோய் சும்மா போகாமல் அழகம்மாளின் பசியையும் கையோடு கொண்டுபோய்விட்டதே, அதற்கு என்ன வழி என்று கேட்கத்தான் கறம்பக்குடியில் பஸ் ஏறி, மனைவியைப் புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தான்.

"இனிமே மருந்து வேண்டாம்," என்றார் டாக்டர். "ஒடம்புல ரத்தமே இல்ல. சாப்பிட்டாப் பொழைச்சுக்குவாங்க."

"சாப்பிடலேன்னா, சாமி?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாயங்காலம் பஸ் வர்ற வரைக்கும் ஊரைச் சுத்திக் காட்டுங்க. பார்க்குல நல்ல காத்தா ஒக்காரட்டும். நாக்கு எதைக் கேக்குதோ அதை வாங்கிக் குடுங்க. பத்தியம் ஒண்ணும் கெடையாது," என்றார்.

சேவுகன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் நெல் மூட்டையை ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டவள், இப்போது ஆஸ்பத்திரிப் படியில் இறங்கச் சுவரைப் பிடித்தாள்.

மகாராஜா ஆண்ட காலம் அது. பட்டணம் என்றால் எங்கள் பக்கத்தாருக்குப் புதுக்கோட்டைதான். சென்னைப் பட்டணம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள், கண்டவர் யார்? நூல் பிடித்தாற்போல நேரான வீதிகள், கோட்டை மாதிரி சர்க்கார் கச்சேரிக் கட்டடங்கள், குதிரை பூட்டிய ஜட்கா வண்டிகள், வீதிக்கொரு காபி கிளப். கடலை விற்க நாலைந்து தடவை வந்துபோனதில் சேவுகனுக்குப் பட்டணமே தன் கைக்குள் இருப்பதாக ஒரு நினைப்பு உண்டு. இன்றைக்கு அந்த நினைப்பெல்லாம் ஓடிப்போயிருந்தது. இத்தனை கடைகளில் ஏதாவது ஒன்றில் இவள் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது அவன் முத்துமாரி சன்னதியில் விழுந்து ஒரு வேண்டுதல் செய்திருந்தான். இவள் ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடும் வரைக்கும் அவன் ஒருபொழுது இருப்பான். அதாவது, விளக்கு வைத்த பிறகு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. பகலில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் பல்லில் படாது. "வெளியே சொல்லிராதப்பா. சொன்ன வேண்டுதல் ஓட்டைக் கலயம்," என்று பூசாரி வேறு சொல்லி வைத்திருந்தார். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. வயலுக்குப் போகிற கஞ்சிக் கலயம் தினமும் காலியாகத்தான் திரும்பியது. குடித்தது மயிலைக் காளை.

முதலில் கீழராஜ வீதியில் ஒரு காபி கிளப்புக்குக் கூட்டிப்போனான். உள்ளே பெண்கள் ஒருவரையும் காணோம். அழகம்மாள் வாசல் தூணோடு தூணாக நின்றுகொண்டாள். அவன் இட்டிலியும் சட்டினியும் இலையில் கட்டி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த சின்னப் பார்க்குக்கு அவளை நடத்திப் போனான். அங்கே தோட்டக்காரர் ரோசாப் பாத்திக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன மச்சான் வெளையும்?" என்று கேட்டாள் அழகம்மாள். அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள்.

"பூவுதான்."

"வெறும் பூவுக்கா இம்புட்டுத் தண்ணி!"

அவன் பெஞ்சியில் உட்கார்ந்தான். அவள் கீழே புல்லில் உட்கார்ந்தாள். புருஷனோடு சரிசமமாக ஒரே பலகையில் உட்காருவது எங்கள் ஊரில் கேள்விப்படாத சங்கதி. அவன் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிடு."

"நீங்க சாப்பிடுங்க."

"எனக்கு வேணாம்."

"அப்ப எனக்கும் வேணாம்."

பார்த்தீர்களா, நோயாளியின் நாக்கு செத்துக் கிடக்கிறது என்றே சேவுகன் நினைத்தான். பாதி நிஜம்தான். மீதிப் பாதி, புருஷன் கை நனைக்காமல் பெண்டாட்டி கை நனைப்பதில்லை என்ற பழக்கம். வீட்டில் மாமியார் புகட்டிய கஞ்சி மருந்துக் கணக்கு. அதில் இந்தப் பேச்சு எழவில்லை. இங்கே இட்டிலி சாப்பாட்டுக் கணக்கு. அவனுக்கோ வேறு கவலை இருந்ததால் இது தோன்றவே இல்லை. வேலி இடுக்கில் தலையை நுழைத்த ஒரு வெள்ளாடு அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது. இட்டிலியை இலையோடு தின்றுவிட்டுப் போயிற்று.

அங்கிருந்து அல்வாக் கடை. கடைக்காரர் சுடச்சுட ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். நெய் வாசனைக்கே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் வடைக்கடை, மோர்க்கடை, சுண்டல்காரர். சேவுகன் ஒவ்வொரு கடையிலும் "இது?" என்று அவள் முகத்தைப் பார்ப்பான்; அவள் தலையை ஆட்டுவாள். உள்ளதைச் சொன்னால், அவனுக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் அல்ல. ஊரே தின்று ஏப்பம் விடுகிறது, என் பெண்டாட்டி ஒருத்திக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லையே என்று அத்தனை கடைகளின்மேலும் வந்தது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சந்தைப்பேட்டை வழியாகக் குளத்துப் பக்கம் போகலாம் என்று திரும்பினார்கள். ஒரு கீற்றுக் கொட்டகையைத் தாண்டும்போது, பின்னால் வந்துகொண்டிருந்தவளின் காலடிச் சத்தம் நின்றது. சேவுகன் திரும்பிப் பார்த்தான். அழகம்மாள் நின்ற இடத்திலேயே மூச்சை இழுத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"அது என்ன கொழம்பு, மச்சான்?"

மூன்று மாதத்தில் சோறு தண்ணியைப் பற்றி அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. சேவுகன் கொட்டகைக்குள் கிட்டத்தட்ட ஓடினான்.

கொட்டகை ஞானமணி என்ற அம்மாளுடையது. வண்டிக்காரர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் சோறு போடுகிறவள். ஜெகதாப்பட்டினத்துக் கருவாடும் கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுப் புளி கரைத்து ஊற்றிய குழம்பு அடுப்பில் தளதளவென்று கொதித்தது. அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"காச்சல்ல கெடந்த புள்ளையா? கண்ணப் பாத்தாலே தெரியுதே. உள்ள வந்து ஒக்காரு தாயி."

உள்ளே ஆண்கள் பந்தியாக உட்கார்ந்திருந்தார்கள். அழகம்மாள் ஓர் அடி பின்வாங்கினாள். ஞானமணிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெரிய தாமரை இலையில் சோற்றைக் கட்டினாள். ஒரு சின்னக் கலயம் நிறையக் குழம்பு ஊற்றி, கருவாட்டுத் துண்டாகத் தேடித் தேடிப் போட்டாள். "புதுக்குளத்துக் கரையில நெழலா இருக்கும். ஒக்காந்து நெதானமா தின்னுங்க. கலயத்தப் போறப்பக் குடுத்துட்டுப் போங்க," என்றாள். யார் பெற்ற பெண்ணுக்கோ இப்படி அள்ளிப் போடுகிறாளே என்று சேவுகன் நினைத்தான். நீ நல்லா இருக்கணும் தாயே என்று கும்பிட்டுக் கலயத்தை வாங்கிக்கொண்டான்.

குளத்தங்கரையில் பட்டணத்தார் காற்று வாங்குகிற தோட்டம் ஒன்று இருந்தது. பன்னீர் மரத்து நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அவனும் தரையில்தான். அழகம்மாள் இலையைப் பிரித்தாள். சோற்றின்மேல் குழம்பை ஊற்றும்போது அவள் எச்சில் விழுங்குவதைச் சேவுகன் பார்த்தான். முத்துமாரி கண் திறந்துவிட்டாள் என்று இருந்தது.

அழகம்மாள் இலையை அவன் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடுங்க."

"நீ சாப்பிடு புள்ள. ஒனக்குத்தானே வாங்கியாந்தேன்."

"நீங்க ரெண்டு வாய் சாப்பிட்டாத்தான்."

அப்போதுதான் சேவுகனுக்கு உறைத்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அழகம்மாளிடம் பதினொன்றாவதாக ஒன்று இருந்தது. அது இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் சாப்பிட்டால்தான் அவன் சாப்பிடலாம். அவன் சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது பழைய கதை. இங்கே வரம் கேட்டவனே குறுக்கே நிற்கிறான்.

"நான் அப்பவே காபி குடிச்சிட்டேன்," என்றான்.

"நான் தூணோரத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"வயிறு மந்தமா இருக்கு."

அழகம்மாளின் முகம் மாறியது. அவள் அவனை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தொங்கின கன்னத்தையும் தோள் எலும்பையும் பார்த்தாள். "மச்சான், ஏன் இப்படி எளைச்சுப் போனீங்க? என் காச்சல் ஒங்களுக்கும் ஒட்டிக்கிருச்சா? மறைக்காமச் சொல்லுங்க. என்னப் பொழைக்க வச்சிட்டு நீங்க..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சேவுகன் தவித்துப் போனான். சொன்னால் வேண்டுதல் கெடும். வேண்டுதல் கெட்டால் ஆத்தா இவளைத் திருப்பிக் கேட்பாள். சொல்லாவிட்டால் இவள் இப்படியே அழுது எழுந்துவிடுவாள், இந்தப் பசி இன்னொரு நாள் திரும்பி வரும் என்று யார் கண்டார்கள்? பேசாமல் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வருகிற பாவத்தைத் தானே சுமந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தான். கை இலை வரைக்கும் போயிற்று. அதற்குமேல் போகவில்லை.

அழகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டிருக்கீங்களா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குளத்தைப் பார்த்தான்.

"எனக்காகவா?"

இன்னும் உற்றுக் குளத்தைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதன், வேறு எங்கே பார்ப்பான்?

"அதான் மயிலைக் காளை இந்தக் கொழுப்புக் கொழுத்திருக்கா!" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். இலையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த பழக்கத்தை ஒரு நொடியில் தள்ளி வைப்பது லேசான காரியமா? பிறகு சொன்னாள்:

"கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

சேவுகன் திரும்பி உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் முதலில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் சோற்றைப் பிசையும் சத்தம். அப்புறம் புளிப்பும் காரமும் பட்டு நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். கருவாட்டு முள்ளை உறிஞ்சித் துப்பும் சத்தம். அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான், கேட்கக் கேட்க அவனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. முத்துமாரியை நினைத்தான், மருந்து வேண்டாம் என்ற டாக்டரை நினைத்தான், கருவாட்டைத் தேடிப் போட்ட ஞானமணியை நினைத்தான், இவளைப் பெற்றுத் தனக்குக் கொடுத்த மாமனை நினைத்தான். யாருக்கென்று நன்றி சொல்வது! எல்லோருக்கும் சேர்த்துக் குளத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

வெகுநேரம் கழித்து அவள் குரல் கேட்டது. "போதும் மச்சான். வயிறு நெறைஞ்சிருச்சு. திரும்புங்க."

அவன் திரும்பியபோது அவள் இலையை மடித்துக்கொண்டிருந்தாள். "இனிமே நீங்களும் சாப்பிடலாம்ல? போய் ஒங்களுக்கு வேற எலையில கட்டி வாங்கியாங்க. நான் இங்கனயே இருக்கேன்."

சேவுகன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மடித்த இலையை வாங்கிப் பிரித்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான். கல்யாணமான நாள் முதல் அவன் சாப்பிட்ட இலையில் அவள் சாப்பிடுவாள், அதுதான் முறை. அவள் சாப்பிட்ட இலையில் அவன் சாப்பிட எந்த முறையும் இல்லை.

"ஐயோ, எச்சி மச்சான்!"

"தெரியும்."

"யாராச்சும் பாத்தா ஒங்களத்தான் கேவலமாப் பேசுவாங்க!"

"பேசிட்டுப் போகட்டும்."

கரைப் பாதையில் துரை மாதிரி உடுத்திய இரண்டு பேர் பிரம்பை வீசிக்கொண்டு வந்தார்கள். அழகம்மாள் சட்டென்று எழுந்தாள். சுவரைப் பிடிக்காமல், எதையும் பிடிக்காமல் எழுந்தாள். பாதைக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். அந்த மறைவில் சேவுகன் இலையைப் பார்த்தான். ஒரு கைப்பிடிச் சோறுகூட இல்லை. கருவாட்டில் முள்தான் மிச்சம்.

"ஏ புள்ள, இம்புட்டுத்தான் வச்சிருக்கியா?" என்றான்.

முந்தானைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வெட்கத்தோடு பதில் வந்தது.

"பசிச்சிருச்சு மச்சான்."