எது வேணும்னாலும் சாப்பிடலாம்

மாரியம்மாவின் கர்ப்பப்பையை எடுத்து ஒரு மாதம் கழித்து, அதிலிருந்த புற்றுக்கட்டியின் ஜீன் பரிசோதனை முடிவு வந்தது. செங்கல்பட்டில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார்.

"கட்டியோட ஜீன்ல ஏகப்பட்ட கோளாறு இருக்கு. அதுவும் நல்லதுக்குத்தான். இந்த மாதிரி கட்டியை உடம்பே அடையாளம் கண்டு அடிச்சிடும். திரும்பி வர்றது ரொம்ப அபூர்வம். கரண்டு வைக்கிறது, கீமோ எதுவும் வேணாம், செக்கப்புக்கு மட்டும் வாங்க. எது வேணும்னாலும் சாப்பிடலாம்."

புருஷன் ஜம்புலிங்கத்துக்கு 'ஏகப்பட்ட கோளாறு' என்றதுமே காது அடைத்துவிட்டது. மறுபடி திறந்தபோது விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். அவர்கள் மீனவர் குப்பத்தில் சதாசிவத்தின் அக்காவையும் ஆஸ்பத்திரியில் இப்படித்தான், இனி மருந்து வேண்டாம், பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று அனுப்பினார்கள். ஆசைப்பட்டுக் கேட்ட பலா பழுப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

மாமல்லபுரம் பஸ்ஸில் மனுஷன் ஜன்னலோரத்தை மனைவிக்கு விட்டுக்கொடுத்தார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. வீட்டில் காபி போட்டார். அது காபி என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. மாரியம்மா சிரித்துக்கொண்டே குடித்தாள்.

மறுநாள் காலை கடலிலிருந்து முழு வஞ்சிரத்தோடு வந்தார். அங்கேதான் வந்தது வினை. குப்பத்தில் வஞ்சிரம் ஏலத்துக்குப் போகும், வீட்டுக் குழம்புக்குப் பொடிமீன்தான். மீன் விற்றே பழகிய மாரியம்மா அதைக் கையில் வாங்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா உன்கிட்ட தனியா இன்னா சொன்னாங்க? மறைக்காம சொல்லுய்யா."

"தனியா இன்னா கீது? எது வேணா துன்னுன்னு உன் எதிர்லதான சொன்னாங்க." அதற்குமேல் அவரால் முடியவில்லை, பொலபொலவென்று அழுதுவிட்டார். "நீ இல்லாம நான் இன்னாடி பண்ணுவேன்?"

மாரியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அட கூறு கெட்ட மனுஷா! நான் பொழச்சிட்டேன்னு சொன்னாங்கய்யா. கோளாறு ஜாஸ்தி இருந்தா நல்லதுன்னு அந்தம்மா சொல்லும்போது நான் உன்னத்தான் நெனச்சிகினேன்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

ஜம்புலிங்கம் முகத்தைத் துடைத்தார். சந்தோஷத்தில் கை தானாக மீனைத் தூக்கியது. "அப்போ ஏலத்துக்கு இன்னும் நேரம் கீது."

"ஓகோ. நான் சாவப்போறேன்னாத்தான் வஞ்சிரமா?"

வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்து மீனைக் கீழே வைத்தார். அரிவாள்மனை எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்டார்.