பத்தடிப் பக்கத்துக் கதவு

முன்கதவைத் தட்டும் சத்தம் கேட்டதுமே லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது, வந்திருப்பது வேண்டியவன் இல்லை என்று. அந்தத் தெருவில் முன்கதவு போலீசுக்கும் பாதிரியாருக்கும் பிணத்துக்கும்தான். மற்றவர்கள் எல்லாரும் வீடுகளின் முதுகுப்பக்கம் ஓடும் சந்து வழியாக வருவார்கள். அகலம் பத்தடி என்பதால் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் அந்தச் சந்துக்குப் பெயரே பத்தடி. பின்கதவைத் தள்ளி, "நான்தான்" என்று சொல்லும்போது ஆள் ஏற்கெனவே அடுப்படியில் நிற்கும்.

தைத்துக்கொண்டிருந்த மெத்தை உறையை அப்படியே விட்டு லோர்னா எழுந்தாள். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய தையல் மெஷின் அவளுடையது. அவள் வேலை பார்த்த, கேரவன் வண்டி செய்யும் தொழிற்சாலை ஆட்களை வெளியே அனுப்பியபோது, அங்கேயே விலை பேசி வாங்கி வந்தாள். இப்போது அவளுக்கும் அப்பாவுக்கும் அதுதான் கஞ்சி ஊற்றுகிறது. ஆனால் வேலை போய் மெஷின் ஓடத் தொடங்கும்வரை இருந்த இடைவெளியில் வீட்டு வரி பாக்கி விழுந்துவிட்டது. நகரக் கவுன்சில் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் அதை வசூல் கம்பெனியிடம் விட்டது. கை மாறக் கை மாறக் கடன் கொழுத்தது, தின்றவன் யாரென்று தெரியாமலே.

கதவைத் திறக்காமல் மண்டியிட்டு, கடிதம் போடும் ஓட்டையில் வாயை வைத்தாள்.

"யாரு?"

"கிரெய்க் எம் பேரு. வீட்டு வரி விஷயமா வந்திருக்கேன், கண்ணு. கதவத் தொறந்தா அஞ்சு நிமிஷத்துல பேசி முடிச்சிரலாம்."

"நான் உனக்குக் கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. பேசுறத அங்கருந்தே பேசு."

"மழ கொட்டுதும்மா."

"கொட்டட்டும். நானா அனுப்பி வெச்சேன்?"

வெளியே கொஞ்சம் செருமல். "மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சே. என்ன மெஷின்?"

"எம் பொழப்பு."

"பொழப்புச் சாமான நாங்க தொடமாட்டோம்மா. சட்டமே இருக்கு. உள்ள வந்து ஒரு பார்வ பாத்துட்டு, தொடக்கூடாதுன்னு எழுதிட்டுப் போயிருவேன். உன் நல்லதுக்குத்தான்."

தேன் தடவிய பேச்சு. ஆனால் பக்கத்து வீட்டு மேவிஸ் பட்டுத் தெரிந்ததை லோர்னாவுக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஜப்திக்காரன் முதல் தடவை கதவை உடைக்க முடியாது. ஆளைத் தள்ளிவிட்டும் நுழைய முடியாது. ஆனால் திறந்த கதவு வழியாக ஒரு தடவை கால் வைத்துவிட்டால் வீட்டுச் சாமானைக் குறித்துக்கொள்வான். அடுத்த தடவை பூட்டை உடைத்தே வரலாம். ஒட்டகத்துக்குத் தலை வைக்க இடம் கொடுத்த கதைதான். "ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டான், பாவம்னு விட்டேன். கடைசில டிவியோட போயிட்டான்" என்று மேவிஸ் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

அடுப்படியிலிருந்து அப்பா வில்ஃப் குரல் கொடுத்தார். ஐஸ்லாந்து கடல்வரை மீன் கப்பலில் போய் வந்தவர். எஞ்சின் பக்கத்திலேயே கிடந்து காது பாதி போயிற்று. வாசலுக்கு வந்தவன் எவனும் டீ குடிக்காமல் போகக்கூடாது என்பது அவர் கட்டளை. ஓட்டுக் கேட்டு வந்த எதிர்க்கட்சிக்காரனையே உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, "ஓட்டு கெடையாது, பிஸ்கட் எடுத்துக்கோ" என்றவர்.

"யாரும்மா அது? மழையில நிக்க வெச்சிருக்க! வரச் சொல்லு, தண்ணி கொதிச்சிருச்சு!"

"சும்மா இருங்கப்பா! ஜப்திக்காரன்!"

"சாப்பாட்டுக்காரனா? நாம ஒண்ணும் சொல்லலியே!"

லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓட்டையில் காதை வைத்தாள். வெளியே மழை மட்டும்தான். போய்த் தொலைந்தான் என்று மூச்சு விட்டாள். சன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், அவன் வேன் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே ஆள் இல்லை.

அப்போதுதான் சுருக்கென்றது. 'கண்ணு' என்றானே, அது வெளியூர்க்காரன் வாயில் வராது. இந்தத் தெருக்களில் வளர்ந்தவனின் இழுவை அது. பத்தடி தெரிந்தவன்! முன்கதவுக்குப் பூட்டு, தாழ்ப்பாள், சங்கிலி எல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்கதவுச் சாவி அவள் சிறுமியாக இருந்தபோதே தொலைந்தது. இதுவரை யாரும் தேடியதில்லை.

ஓடினாள். அடுப்படிச் சன்னலுக்கு வெளியே நனைந்த கறுப்புக் கோட்டு, நெஞ்சில் கேமரா. கொல்லையைத் தாண்டி வந்துவிட்டான். அப்பா அவனைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

"தொறந்துதான்பா கெடக்கு, தள்ளு!"

கதவு ஒரு விரல் அகலம் அசைந்தது. லோர்னா பாய்ந்து முதுகைக் கொடுத்தாள். மூடிக்கொண்டது.

"அம்மா, பெரியவரே கூப்பிட்டாரு. கேமராவுல பதிவாயிருக்கு."

"வீடு எம் பேர்ல. கதவுல நான் நிக்கிறேன். என்னையத் தள்ளிட்டு வரணும்னா தள்ளு. அதுவும் பதிவாகட்டும்!"

அவன் தள்ளவில்லை. கையை எடுக்கவும் இல்லை. மரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு மூச்சுகள்.

சத்தம் கேட்டு மேவிஸ் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். "டேய்! நீ பெட்டியம்மா மகன்தான? மூக்க ஒழுக விட்டுட்டு எங்க வீட்டுல ரொட்டி தின்னவன்! பத்தடி வழியா நுழையச் சொல்லியா உன்னய வளத்தா?"

"எனக்கும் வேல இருக்குல்ல, ஆன்ட்டி."

"இருக்கும், இருக்கும். எலிக்கும்தான் வேல இருக்கு."

வில்ஃப் மகளைப் பார்த்தார். அவள் முதுகைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மெதுவாகத்தான் புரிந்தது.

"மெஷினுக்கா வந்திருக்கான்?"

"ஆமாப்பா."

வில்ஃப் அடுப்புப் பக்கம் திரும்பினார். கோப்பையை எடுத்தார், டீ ஊற்றினார், பால் விட்டார். சன்னலைத் திறந்தார்.

"சக்கர எத்தன?"

"அப்பா!" என்றாள் லோர்னா.

"நீ கதவ விட்டுறாத," என்றார் அவர், திரும்பாமலே. "எத்தனன்னு கேட்டேன் தம்பி."

"…ரெண்டு."

கோப்பை சன்னல் வழியாக மழைக்குள் போனது. "எங்க வாசல்ல எவனும் டீ இல்லாம நின்னதில்ல. ஆனா உள்ள ஒக்கார வெச்சுத்தான் குடுக்கணும்னு எவனும் சொன்னதில்ல. நின்னுட்டே குடி."

மழைத்துளி டீயில் விழ விழ அவன் குடித்தான். சுவர்மேலிருந்து மேவிஸ் கைதட்டினாள்.

லோர்னா முதுகை எடுக்காமலே பேசினாள். "கேட்டுக்கோ. கவுன்சிலுக்குக் குடுக்க வேண்டியது எங் கடன். வாராவாரம் நானே போயி அவங்க கவுன்டர்லயே கட்டுவேன். ஆனா நீ வந்ததுக்கும் போனதுக்கும் கூலின்னு ஒரு பென்னி தரமாட்டேன். உன்னைய நான் கூப்பிடல. டீ மட்டும் இனாம்."

"மறுபடி வருவேன்மா."

"வா. முன்கதவுக்கு வா. பத்தடி சொந்தக்காரங்க வழி."

காலிக் கோப்பையைச் சன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் முதுகை எடுத்தாள். அப்பா கொட்டகையில் எதையோ உருட்டித் தேடி, கப்பலில் இருந்து கொண்டுவந்த பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றுடன் வந்தார். அந்தக் கதவுக்கு ஆணி அடிக்க அவருக்கு மனசே வரவில்லை. இரண்டு தடவை சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு அடித்தார்.

மறுநாள் காலை பின்கதவில் எதுவோ தொம்மென்று மோதியது.

"அடியே! எம் மூக்கு போச்சு! எவடி தாழ்ப்பாள் போட்டது?"

மெஷினை நிறுத்திவிட்டு லோர்னா அடுப்படிக்கு வந்தாள். "யாரு?"

"யாருன்னா கேக்குற? என்னையவா?"

"ஒண்ணுக்குப் போகணும்னு மட்டும் சொல்லிராத. அப்பறம் தொறக்கமாட்டேன்."

மேவிஸ் சிரித்த சிரிப்பு பத்தடி முழுக்கக் கேட்டது. லோர்னா தாழ்ப்பாளை நீக்கினாள், அவள் உள்ளே வந்ததும் மறுபடி போட்டாள்.