அடி படாத வீரன்

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் எங்கள் வீட்டு மேஜை விளையாட்டில் அண்ணன்தான் எப்போதும் போர்வீரன். கதையை நடத்துகிறவள் நான். அரக்கன் எங்கே ஒளிந்திருக்கிறான், கதவு எப்போது உடையும் என்பதெல்லாம் என் வாயில் இருக்கிறது. அண்ணி வில்லாளி. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மந்திரவாதி. அவரைப் பல்லு என்றே கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஞாயிறு மதியம் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டுப் பகடைகளைக் கொட்டினால், பொழுது சாய்கிறவரை எங்களுக்கு வேறு உலகம் கிடையாது.

வீரனுக்கு ஒரு திறமை உண்டு. தோழர்கள் மேல் விழவிருக்கும் அடிக்குக் குறுக்கே பாயலாம். விதிப்புத்தகம் அதை எழுதியிருக்கும் லட்சணத்தைப் படித்தால் தலை சுற்றும். பாய்வதற்கு நான்கு வழி, ஒவ்வொன்றுக்கும் வேறு பகடை, செலவான பலம் ஓய்வெடுத்தால் பாதி திரும்பும், கேடயம் இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் இன்னொரு கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இத்தனையும் செய்து பாய்ந்தால், அந்த அடி முழுவதும் வீரன் மேல் விழும்; அவன் உயிர்ப்புள்ளிகளில் கழியும், புள்ளி தீர்ந்தால் சாவு. அண்ணனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எவ்வளவு எடை ஏறினால் கம்பி எவ்வளவு இழுபடும் என்று நின்ற இடத்தில் சொல்கிறவன். நான் தப்பாகக் கூட்டினால், "மழைக்காவது பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினியா நீ?" என்பான்.

பிறகு அவனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது. வலது கை போனது, பேச்சில் பாதி போனது, எண்கள் அநேகமாக மொத்தமும் போயின. வீட்டுக்கு வந்தபின் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் வெறித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு ஞாயிறு நானும் பல்லுவும் மேஜையை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பகடையை உருட்டினோம். சத்தம் கேட்டுத் திரும்பினான். "அரக்கன்," என்றான். அந்த வாரம் அவன் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அது. என்ன ஆனாலும் இவன் இந்த மேஜையை விட்டு எழக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். இங்கே மட்டும்தான் அவன் எங்களோடு இருந்தான்.

விதிகளை வெட்ட ஆரம்பித்தேன். நான்கு வழியை ஒன்றாக்கினேன். அதற்கும் திணறினான். பகடையை எடுத்தேன், பலக் கணக்கை எடுத்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. கடைசியில் அவன் "நான் நிக்கிறேன்" என்று சொன்னால் போதும், அடி நின்றுவிடும். உயிர்ப்புள்ளிகளைக் கழிக்கத் தெரியாமல் அவன் கண் கலங்கியதால், வீரன் மேல் விழும் சேதத்தையும் தூக்கிவிட்டேன்.

பல்லு முனகினார். "இது விளையாட்டே இல்லயேம்மா."

"இது என் வீட்டுச் சட்டம். பிடிக்கலன்னா போய்ப் பல்லப் பிடுங்குங்க," என்றேன்.

வாராவாரம் அண்ணன் நின்றான். நாங்கள் கைதட்டினோம். அண்ணி அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஒரு மதியம், பாலத்தின் மேல் கல் பூதம் ஒன்று அண்ணியின் வில்லாளியை நோக்கிச் சம்மட்டியை ஓங்கியது. அவளுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அடி விழுந்தால் ஆள் காலி.

"நான் நிக்கிறேன்," என்றான் அண்ணன்.

"நின்னுட்ட. அண்ணி தப்பிச்சாங்க."

"எனக்கு?"

"உனக்கு ஒண்ணுமில்லண்ணா."

மேஜை மேல் நின்ற தன் வீரன் பொம்மையை இடது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சம்மட்டி," என்றான். அடுத்த வார்த்தையைத் தேடினான். "வலிக்கல. அப்ப... நான் செத்தவனா?"

இவ்வளவு நாள் கைதட்டினோமே, உயிரோடு இருக்கிறவனுக்கா தட்டினோம்?

"போடு," என்று பகடையைக் காட்டினான்.

பழைய விதிப்படி உருட்டினேன். பூதத்தின் அடிக்கு ஒரு கைப்பிடி பகடை. விழுந்ததெல்லாம் பெரிய எண்கள். அண்ணி என்னையே பார்த்தாள். குறைத்துச் சொல் என்று கெஞ்சுகிற பார்வை. நான் உள்ளதைச் சொன்னேன்.

அவனால் கழிக்க முடியவில்லை. உதடு அசைந்து அசைந்து நின்றது. அண்ணி பக்கம் திரும்பினான்.

"மிச்சம்?"

"ஒண்ணுமில்லங்க."

"நீ?"

"நான் இருக்கேன்."

"ம்," என்றான். பொம்மையைப் பார்த்து மெதுவாகப் படுக்க வைத்தான். பிறகு மேஜையைப் பிடித்துத் தட்டுத்தடுமாறித் தானே எழுந்து உள்ளறைக்குப் போனான்.

"நான் குறைச்சுச் சொல்லியிருக்கணும் அண்ணி," என்று நான் அழுதேன்.

"வேணாம்," என்றாள் அண்ணி. "குளிப்பாட்டறது, ஊட்டறது, தூக்கி நிறுத்தறது எல்லாம் நான்தான். இன்னிக்குத்தான் அவரு எனக்காக ஒண்ணு செஞ்சிருக்காரு. அதுல போய்க் கை வைக்காத." ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பல்லு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு புது வீரன் ஒருவனைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். "வாண்ணா. நீ இல்லாம எங்களுக்கு ஓடாது."

"செத்தாச்சே," என்றான். வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. எவ்வளவு கெஞ்சியும் அவன் வரவில்லை.