நூலால் செய்த கால்கள்

பதினோரு வருஷமாக மரக்காணத்தில் ஜமீல் பாய் கடையில் சூர்யகலா கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி செய்கிறாள். எத்தனையோ கல்யாண ஜாக்கெட்டுகள். ஒன்றில்கூட அவள் பேர் கிடையாது. இடையஞ்சாவடியில் நூல் சிற்பம் செய்யும் நிவேதா ஒரு சிற்பத்தைத் தைத்துத் தரக் கேட்டு, கண்காட்சி அட்டையில் இருவர் பேரையும் போடுவதாகச் சொன்னதும் சூர்யகலா சரியென்றுவிட்டாள்.

சிற்பம், உப்பளத்தில் நிற்கும் இரண்டு கால்கள். முழங்கால்வரை வெள்ளை நூல் மட்டும்தான், துணி கிடையாது. தண்ணீரில் கரையும் மெல்லிய தாளில் மெஷின் தைக்கும். துண்டுகளைக் கால் வடிவத்தில் இணைத்துத் தொட்டியில் முக்கினால் தாள் கரைந்து நூல் நிற்கும். அளவுக்கு நின்றவன் சூர்யகலாவின் கணவன் கலியன். உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு வந்த அவன் கால்களை நிவேதா சுற்றிச் சுற்றிப் போனில் படமெடுத்தபோது, "மூஞ்சி நல்லாத்தான இருக்குது, அத விட்டுட்டாங்களே," என்றான்.

நிவேதா அனுப்பிய டிசைனில் கோடுகளுக்குக் குறுக்கே வலைபோலத் தையல்கள் ஓடின. ஜாக்கெட்டில் அப்படி வந்தால் உள்பக்கம் உடம்பில் குத்தும். திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். சூர்யகலா பழக்கத்தில் திரையிலேயே அவற்றை ஒவ்வொன்றாக அழித்தாள். டிசைன் சுத்தமாகிவிட்டது. மூன்று வாரம் தைத்தாள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் காலை இருவருமாகத் தொட்டியில் இறக்கினார்கள். தாள் கரைந்தது. கணுக்கால் மெல்லச் சாய்ந்தது. பிடித்துவைக்கக் குறுக்குத் தையல் இல்லாமல் நூல்கள் பிரிந்து மிதந்தன. சூர்யகலா இரண்டு கையாலும் அள்ளினாள். சிக்குதான் வந்தது.

அழித்ததைச் சொன்னாள். நிவேதா திட்டவில்லை. சிக்கை மேடையில் வைத்து விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். உப்புக் குவியல் மாதிரியும் இருக்கிறது, நின்ற ஆள் போய்விட்ட மாதிரியும் இருக்கிறது, இப்படியே வைக்கலாம் என்றாள். அட்டை அச்சாகி வந்திருந்தது. இரண்டாவது பேர் சூர்யகலா.

அவள் அதை விரலால் தடவினாள். நாளைக்குக் கலியன் உப்பளத்து ஆட்கள் ஆறு பேரோடு தன் காலைப் பார்க்க வருகிறான்.

"என் பேர எடுத்துடுங்க மேடம்."

"ஏன்க்கா? நல்லாருக்குது. இதுவும் ஆர்ட்தான்."

"உங்களுக்கு ஆர்ட்டுங்க. எனக்கு இது கெட்டுப்போன வேல. இத்தன வருஷத்துல ஒண்ணுகூட நான் இப்படி வெளிய அனுப்பினதில்ல."

நிவேதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் கத்தியால் அட்டையின் கீழ்ப்பகுதியை நறுக்கினாள். அந்தத் துண்டை நீட்டியபோது சூர்யகலா வாங்கிக்கொள்ளவில்லை. பசையாய்க் கொழகொழத்த தண்ணீரைக் கொட்டித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கலியனுக்குப் போன் செய்து, நாளைக்கு யாரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்றாள். அவன் ஏன் என்று கேட்டான். வீட்டுக்கு வந்து சொல்வதாகச் சொன்னாள்.