மரம் வேண்டாம் என்கிற பொத்தான்

பிரிசில்லா பேச எழுந்தாலே எனக்கு வயிறு எரியும். ஞானசேகரன் சார் இதை ஆரோக்கியமான போட்டி என்பார். எனக்குத் தெரிந்து அதில் ஆரோக்கியம் எதுவும் இல்லை. பொறாமை, அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் அவரிடம் நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் மார்க்கெட்டிங் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். தலைப்பும் ஏறக்குறைய பங்காளித் தலைப்புதான். செல்போனில் பொருள் வாங்குகிறவர்களைத் தந்திரமாகத் தலையாட்ட வைக்கும் பொத்தான்கள் இருக்கின்றனவே, நாணயமான கம்பெனி அவற்றை வைக்கலாமா என்பதுதான் கேள்வி. நான் நானூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்தேன். கீரப்பாளையம், லால்பேட்டை என்று வெயிலில் அலைந்து முகம் கறுத்தது. பிரிசில்லா ஒரு பத்துப் பன்னிரண்டு பெண்களோடு உட்கார்ந்து கதை பேசினாள். அதைப் பதிவு செய்து ஆராய்ச்சி என்று பெயரும் வைத்தாள்.

சாருக்குப் புதிதாக ஒரு திட்டம் கிடைத்திருந்தது. அதில் சம்பளத்தோடு ஒரே ஓர் இடம். எனக்கு உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அந்த இடம் கிடைக்காவிட்டால் ஆய்வை மூட்டை கட்டிவிட்டு வேலை தேடப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக் கருத்தரங்கில் இருவரும் பேச வேண்டும், திங்கட்கிழமை சார் பெயரைச் சொல்வார் என்று ஏற்பாடு.

முதலில் நான் பேசினேன். ஒரு ஷாப்பிங் ஆப்பை எடுத்துக்காட்டினேன். நைட்டி, எவர்சில்வர் டப்பா எது வாங்கினாலும் 'மரம் நட ஒரு ரூபாய்' என்று கம்பெனியே டிக் போட்டு வைத்திருக்கும். அதை எடுக்க வேண்டுமானால் 'வேண்டாம், மரங்கள் மேல் எனக்கு அக்கறை இல்லை' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் அமுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குக் 'கவனிக்கவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். ஆகவே மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று முடித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் கொட்டாவியை அடக்குகிறார் என்று அர்த்தம்.

அடுத்து பிரிசில்லா. அவளும் அதே ஆப்பைத்தான் திரையில் போட்டாள்.

"அவுங்க கவனிக்காம இல்ல சார். கவனிச்சிட்டுத்தான் விட்டிருக்காங்க. ஏழாவதா பேசின அம்மா சொன்னதை அப்படியே படிக்கிறேன்" என்று தாளை எடுத்தாள்.

"பாத்தேன், பாக்காம என்னா. டிக்க எடுக்கணும்னா மரத்து மேல அக்கறை இல்லன்னு அமுக்கணுமாம். தானே புயல்ல எங்க வாசல் மாமரம் வூட்டுக்காரரு டிவிஎஸ் வண்டி மேல சாஞ்சுது. வண்டி போனதுக்கு நான் அழுவல. மரத்துக்குத்தான் அழுதேன். என் கையால அதை எப்பிடி அமுக்குவேன்? இது நெசமா, ஏமாத்தான்னு பொண்ணுகிட்ட கேக்கலாம். பெரிய படிப்பு படிக்குது. ஆனா மூஞ்சப் பாத்துதான் கேக்கணும். எத்தன வாட்டிம்மா சொல்றதுன்னு எரிஞ்சு வுழும். அந்தப் பேச்சு வாங்கறதுக்கு ஒரு ரூவா போனா போவட்டும்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, தங்கள் வீட்டை நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அந்த மாமரம் எங்கள் மாமரம். அந்த டிவிஎஸ்ஸில்தான் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். ஏழாவது அம்மா என் அம்மா.

"தெரியாததால மாட்டல சார். வீட்டுல படிச்சவங்ககிட்ட கேக்கக் கூச்சப்பட்டு மாட்டுறாங்க. கம்பெனி அந்தக் கூச்சத்தை வெச்சுத்தான் சம்பாதிக்குது" என்றாள் பிரிசில்லா. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

அவள் ஆடி மாதம் ஒரு நாள் செம்மங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். 'உங்க அம்மா மோர் குடுத்தாங்க' என்று சொன்னது நினைவு வந்தது. நான் அன்று லால்பேட்டையில் வினாத்தாள் நீட்டிக்கொண்டிருந்தேன். நான் ஊரெல்லாம் தேடிய பதில் என் வீட்டு அடுப்படியில் இருந்திருக்கிறது. அதை அவள் மோரோடு குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

டீ குடிக்கும் இடத்தில் அவளை மடக்கினேன். "ஏழாவது ஆளு யாரு?"

"சொல்லக் கூடாது மலர். யாரு பேரையும் வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"எங்க அம்மாதானே?"

"யாரா இருந்தாலும் சொல்ல மாட்டேன்" என்றாள். கோபம்கூட இல்லாமல் சொன்னாள். அந்த நல்ல குணத்தைக் கண்டும் எனக்கு எரிந்தது.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. கூடப் படிப்பவர்களின் வீட்டாரிடம் பேட்டி எடுத்தால் முன்கூட்டியே ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பிரிசில்லா வாங்கியிருக்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது. அம்மா ஒரு வார்த்தை 'ஆமாம், என்னிடம்தான் கேட்டாள்' என்று சொன்னால் போதும், புகார் எழுதிவிடலாம். புகார் இருக்கும்போது அவள் பெயரைச் சார் சொல்ல முடியாது. கடலூர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கடிதத்தின் வாசகங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

செம்மங்குப்பத்தில் இறங்கும்போது வழக்கம்போல கெமிக்கல் கம்பெனி வாசம் அடித்தது. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பையைக்கூட இறக்கவில்லை.

"பிரிசில்லா வந்தப்போ உங்கிட்ட எதுனா கேட்டுப் பதிவு பண்ணாளா?"

"இல்லியே."

"மாமரம் சாஞ்சது, டிவிஎஸ்ஸு, எல்லாம் சொல்லியிருக்க."

"தானேல யாரு வூட்டு மரம் சாயல? ஊருல எல்லார் வூட்டு வண்டியுந்தான் போச்சு" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. மீன் தலையைக் கிள்ளும் வேகம் மட்டும் கூடியது.

என் அம்மாவுக்குப் பொய் வராது. நான் கல்லூரிக்கு மட்டம் போட்ட நாளில் மேடம் போன் செய்தபோது, 'வவுத்து வலின்னுது, எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல' என்று சொன்னவள். பெற்ற மகளுக்காக ஒரு பொய் சொல்லாதவள், எங்கிருந்தோ வந்து மோர் குடித்துப் போனவளுக்காக என் முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

"உன் போனைக் குடு" என்றேன்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். அந்த ஆப் இருந்தது. உள்ளே போய், 'மரங்கள் மேல் எனக்கு அக்கறை இல்லை' என்பதை அமுக்கினேன். "இனிமே எப்பவும் காசு எடுக்க மாட்டான். அவன் எங்க மரம் நடறான், நீ போயி பாத்தியா? இந்த ஒரு பொத்தானுக்குப் போயி..." அதற்கு மேல் என்ன வரும் என்று எனக்கே தெரிந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

"நட்டாலும் நடுவான்" என்றாள் அம்மா மெதுவாக. பிறகு, "சரிம்மா" என்றாள். தாலுகா ஆபீஸில் கிளார்க்கிடம் சொல்வாளே, அந்தச் 'சரி'.

கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா சொல்லாவிட்டால் என்ன, மரமும் வண்டியும் சாட்சி என்று புகாரைத் தொடங்கினேன். 'மதிப்பிற்குரிய' என்பது வரை அடித்திருப்பேன். பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசுவதாக நினைப்பு.

"பிரிசி, நான்தான் கண்ணு. ஒனக்கு எதுனா ஆவுமா? மலரு வந்து ஒரே கேள்வியா கேக்குது... இல்ல, இல்ல, நான் சொல்லல. நீ யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் மாதிரி படிச்சுக் காட்டி எங்கிட்ட கையெழுத்து வாங்கின. நீ காப்பாத்துற வாக்க நான் ஒடைக்கலாமா?"

அந்த வாக்கு ஆய்வு செய்கிறவர் கொடுப்பது. அது அம்மாவைக் கட்டாது. அவள் யாரிடமும் எதையும் சொல்லலாம். போனில் அந்தப் பக்கம் பிரிசில்லாவும் அதைத்தான் விளக்கியிருக்க வேண்டும். "என்னா இருந்தாலும் பேச்சு பேச்சுதான்" என்று அம்மா சிரித்தாள்.

நான் அடித்த ஒரு வார்த்தையையும் அழித்தேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புகார் கொடுத்தால் குழு அம்மாவைக் கூப்பிடும். சிதம்பரத்துக்கு வந்து, சார் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, பிரிசில்லாவுக்காக இன்னொரு முறை 'இல்லியே' என்பாள். அதைக் கேட்க என்னால் முடியாது. திங்கட்கிழமை சார் யார் பெயரைச் சொல்வார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இடம் போய்விட்டது என்ற துக்கம் வந்தது.

அம்மா இன்னும் போனை வைக்கவில்லை.

"அப்பறம் ஒரு சந்தேகம் பிரிசி. மலரு அந்த மரத்த எடுத்துடுச்சு. அக்கறை இல்லன்னு என் பேருல அமுக்கிடுச்சு. அத மறுபடி வெக்கிறது எப்பிடி? ... இரு, இரு, மெதுவா சொல்லு... எந்தப் பக்கம்? ... மேலயா?"

மேலே இல்லை, கீழே. கணக்கு என்று ஒரு சின்னப் படம் இருக்கும், அதைத் தொட வேண்டும். எனக்குத் தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.